பிக்கரல் மட்டும் மாட்டவே மாட்டேங்குது: அப்பா வார்த்த ஜிக்கு, பொடி மீன் இரை பத்தி கொஞ்சம் சொல்லிக் குடுங்க

மேட்டூர்_பையன் (ஏஜாக்ஸ், ஒன்டாரியோ):

எல்லாருக்கும் வணக்கம். கனடா வந்து ஆறு வருஷம் ஆச்சு, ஆனா மீன் பிடிக்கப் போறது இந்த வருஷம்தான் ஆரம்பம், அதுக்குக் காரணம் அப்பா. ஏப்ரல் கடைசில அப்பாவும் அம்மாவும் சூப்பர் விசால வந்தாங்க, அக்டோபர் வரைக்கும் இருப்பாங்க. அப்பாவுக்கு 67 வயசு. மேட்டூர் டேம் பக்கத்துலயே பொறந்து வளந்தவரு, வேலைக்குப் போன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் காவிரிக் கரைலதான் இருப்பாரு. கெளுத்தி, வாளை, விரால், கெண்டைன்னு எதுக்கு என்ன இரை, எந்த மாசத்துல எந்த மடுவுல நிக்கும்னு அத்தனையும் அத்துப்படி. இங்க வந்து ரெண்டு வாரம் சும்மா ஜன்னல் ஓரத்துலயே உக்காந்திருந்தாரு, எனக்கு மனசு கேக்கல. மே மாசம் சீசன் தொறந்த உடனே ரைஸ் லேக்குக்குக் கூட்டிட்டுப் போனேன், பியூட்லி ஊர்ல கரைல இருந்து போடலாம்ல அங்க. தண்ணியப் பாத்ததும் அவரு முகமே மாறிப் போச்சு.

இதுவரைக்கும் நாலு சனிக்கிழமை போயிட்டோம். காலைல சாப்பிட்டுட்டு கெளம்பி பத்து பதினொரு மணிக்குப் போய்ச் சேருவோம், சாயந்திரம் நாலு அஞ்சுக்கு திரும்பிடுவோம். சின்னச் சின்ன சன்ஃபிஷ், ராக் பாஸ், அப்புறம் புல்ஹெட் நெறைய மாட்டுச்சு. புல்ஹெட்ட பாத்ததும் அப்பா "இது நம்மூரு கெளுத்திக்குப் பங்காளிடா"ன்னு சொல்லி, முள்ளு கையில ஏறாம எப்படிப் பிடிக்கணுமோ அப்படிப் பிடிச்சு கொக்கிய எடுத்தாரு. ஆனா பக்கத்துல நிக்கிறவங்க பேசிக்கிற பிக்கரல், அதான் அமெரிக்கால வால்ஐன்னு சொல்றாங்களே, அது ஒண்ணு கூட இல்ல. அத ஒரு தடவையாச்சும் அப்பா கையால பிடிக்கணும், அதான் என் ஆசை.

அப்பா கடைல வாங்குன தூண்டில் சாமான் எதையும் நம்பல. ஒரு செங்கல்ல ரெண்டாப் பொளந்து நடுவுல குழி செதுக்கி அச்சு செஞ்சு, பழைய ஈயத்த கராஜ்ல உருக்கி ஊத்தி ஜிக்கு, அதான் கொக்கியோட சேந்த ஈயத்தலை, பண்ணிருக்காரு. ஒவ்வொண்ணும் 20 கிராம் இருக்கும். வாலுக்கு அம்மாவோட பழைய பட்டுப் பொடவை குஞ்சத்தப் பிரிச்சுக் கட்டிருக்காரு, கிளிப்பச்சைக் கலர், பாக்கவே அவ்ளோ அழகா இருக்கு. இது இந்த மீனுக்கு வேலை செய்யுமா?

அடுத்தது இரை. வீட்டுப் பக்கத்து ஓடைல ஒரு பொறி வச்சு பொடி மீனு பிடிச்சோம், வாளில போட்டு ஏரிக்குக் கொண்டு போனோம். மிச்சம் இருந்தத சாகடிக்க வேணாம்னு அப்பா ஏரிலயே விட்டுட்டாரு. இதுல ஏதாவது தப்பு இருக்கா? அப்புறம் 65 வயசுக்கு மேல லைசென்ஸ் வேணாம்னு படிச்சேன், எனக்கு மட்டும் எடுத்திருக்கேன், அது சரிதானே? பெரிய கெளுத்தி எங்க கிடைக்கும்னும் சொல்லுங்க, அதப் பிடிக்கவும் அவருக்கு ரொம்ப ஆசை.

குருநகர்_அண்ணை (ஸ்கார்பரோ):

தம்பி, முதல்ல உங்கட அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறியள் பாருங்கோ, அதுக்கே உங்களுக்கு ஒரு நன்றி சொல்லவேணும். நான் இஞ்ச வந்து 31 வருஷம், என்ர அப்பாவை ஒருக்காலும் இந்தத் தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போகக் கிடைக்கேல்ல.

இனி அவசரமான விசயத்தை முதல்ல சொல்லுறன். லைசென்ஸ். 65க்கு மேல வேண்டாம் எண்டுறது கனடாவில குடியிருக்கிற ஆக்களுக்கு. உங்கட அப்பா விசாவில வந்தவர், கடைசி 12 மாசத்தில தொடர்ந்து ஆறு மாசமாவது இஞ்ச வசிச்சிருந்தால்தான் குடியிருக்கிற ஆள் எண்ட கணக்கில வருவார். அதுவரைக்கும் அவருக்கு வெளிநாட்டு ஆளுக்கான லைசென்ஸ் எடுக்கத்தான் வேணும். ஒன்லைன்ல எடுக்கலாம், ஒரு நாளைக்கும் இருக்கு, எட்டு நாளைக்கும் இருக்கு, வருஷத்துக்கும் இருக்கு. அடுத்த சனிக்கு முதல் எடுத்துப்போடுங்கோ. அதிகாரி வந்து கேட்டால் அந்த வயசில மனுசன் தலை குனிஞ்சு நிக்கக் கூடாது.

இரண்டாவது, பொடி மீன். உங்கட அப்பா உயிரைக் கொல்லக் கூடாது எண்டு நல்ல மனசோடதான் விட்டவர், அது எனக்கு விளங்குது. ஆனால் இஞ்ச அது சட்டப்படி பிழை, தண்ணிக்கும் பெரிய கேடு. வாளியில மிஞ்சின மீனை மட்டும் இல்லை, அந்த வாளித் தண்ணியைக் கூட ஏரியிலயோ, கரையில இருந்து 30 மீட்டருக்குள்ளயோ ஊத்தக் கூடாது. 2005 இல பே ஒஃப் குயின்ரி பக்கம் ட்ரம் மீன் எல்லாம் செத்து ஒதுங்கினது, விஎச்எஸ் எண்ட வைரஸ். அப்பிடியான நோய் ஒரு தண்ணியில இருந்து மற்றத் தண்ணிக்கு இரை வாளியோடயே போகும். வெளியில இருந்து வந்து பரவின கோபி மீனும் அப்பிடித்தான், 1990 இல சென் கிளேயர் ஆத்தில முதல் கண்டது, இப்ப பேரேரிகள் முழுக்க. கோபியை உயிரோட வச்சிருக்கவே கூடாது, இரையாக் கொழுவவும் கூடாது. அதனால மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுவந்து உறைய வையுங்கோ, இல்லாட்டி உப்புப் போட்டு வையுங்கோ, அடுத்த முறைக்கு உதவும்.

அதோட 2022 இல இருந்து ஒன்டாரியோவை நாலு இரை மண்டலமாப் பிரிச்சிருக்கினம். ஒரு மண்டலத்தில எடுத்த இரையை, உயிரோடயோ செத்ததோ, மற்ற மண்டலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கடையில வாங்கினால் ரசீதைப் பத்திரமா வச்சிருங்கோ. ஒருத்தர் 120 இரை மீன் வரைக்கும் வச்சிருக்கலாம். பொறி ஒண்டுதான் வைக்கலாம், அதில உங்கட பேரும் விலாசமும் எழுதி இருக்கவேணும்.

நீங்கள் சொல்லுற ஓடை டஃபின்ஸ் ஓடையோ எண்டு தெரியேல்ல. அந்தப் பக்கத்து ஓடைகளில, ரூஜ் உட்பட, ரெட்சைட் டேஸ் எண்டு ஒரு சின்ன மீன் இருக்கு. விலாவில சிவப்புக் கோடு, தண்ணிக்கு மேல துள்ளிப் பூச்சி பிடிக்கும், அவ்வளவு வடிவான மீன். அது அழிஞ்சு போற நிலையில இருக்கிறதால சட்டம் போட்டுப் பாதுகாக்கினம். உங்கட பொறியில அது விழுந்தால் உங்களுக்கு அடையாளமும் தெரியாது. தயவு செய்து அந்த ஓடைகளில பொறி வைக்காதேங்கோ. ஏரிக்குக் கிட்ட இருக்கிற இரைக் கடையில ரெண்டு டசின் எமரல்ட் ஷைனர் எண்ட பொடி மீன் வாங்குங்கோ, போதும்.

இனி மீன். தம்பி, நீங்கள் போற நேரம் முழுக்கப் பிழை. பிக்கரலின்ர கண்ணை டோர்ச் அடிச்சுப் பாத்தால் பூனைக் கண் மாதிரி மினுங்கும். கண்ணுக்குப் பின்னால ஒளியைத் திருப்பி அடிக்கிற படலம் ஒண்டு இருக்கு, அதால மங்கல் வெளிச்சத்தில அதுக்கு வடிவாத் தெரியும், அது தின்னிற பேர்ச்சுக்கும் ஷைனருக்கும் அவ்வளவாத் தெரியாது. அதுதான் அதின்ர பலம். பகல் 11 மணி வெயிலுக்கு அது ஆழத்திலயோ களைக்குள்ளயோ படுத்திருக்கும். பொழுது படுறதுக்கு ஒரு மணித்தியாலம் முதல் போய், இருட்டி ரெண்டு மணித்தியாலம் வரைக்கும் நில்லுங்கோ. இல்லாட்டி விடிய நாலரைக்கு. பகலில போகத்தான் வேணும் எண்டால் காத்தடிச்சு தண்ணி கலங்கி அலை அடிக்கிற நாளாப் பாத்து, அலை வந்து மோதுற கரையில நிண்டு போடுங்கோ.

மீனைக் கொழுவிற விதமும் முக்கியம். ஜிக்கில கொழுவுறதெண்டால் வாயால விட்டு செவுளால எடுத்து, பிறகு முதுகுப் பக்கம் ஒருக்காக் குத்துங்கோ, அப்ப நேரா நிக்கும், கழண்டு போகாது. வெறும் தூண்டிலில உயிரோட நீந்தவிடுறதெண்டால் ரெண்டு சொண்டையும் சேத்துக் கீழ இருந்து மேல குத்தினால் போதும்.

டோலிடோ_மதுரைக்காரன் (ஒஹாயோ):

அண்ணன் சொன்னதுக்கு அப்புறம் நான் ஜிக்கு விஷயம் மட்டும் சொல்றேன். நான் இருக்கிறது மாமி (Maumee) நதிக்குப் பக்கத்துல. வருஷா வருஷம் மார்ச், ஏப்ரல்ல ஈரி ஏரில இருந்து வால்ஐ முட்ட போட ஆத்துல ஏறி வரும், சைட் கட் பார்க், ஓர்லியன்ஸ் பார்க், பட்டன்வுட் பக்கமெல்லாம் ஆயிரக்கணக்குல ஆளுங்க இடுப்பளவு தண்ணில எறங்கி நிப்பாங்க. தண்ணி சூடு 6ல இருந்து 10 டிகிரி செல்சியஸ் வந்தா கூட்டம் அள்ளும். அந்த ரெண்டு மாசமும் இங்க ஒத்த கொக்கிதான், சூரியன் உதிச்சதுல இருந்து அடையுற வரைக்கும்தான், வாய்க்கு உள்ள மாட்டுனாத்தான் எடுத்துக்கலாம், ஒடம்புல குத்தி வந்தா திருப்பி விட்டுறணும். ஆத்தடி பூரா பாறை, ஒரு நாளைக்கு 15, 20 குண்டு அத்துக்கிட்டுப் போயிரும், அதனால இங்க பாதிப் பேரு வீட்லயே வாத்துக்குவாங்க, நானும் ஏழெட்டு வருஷமா வாக்குறேன்.

உங்க அப்பாவோட ஜிக்கு 20 கிராம்னு சொன்னீங்கள்ல, அது ரைஸ் லேக்குக்கு ரொம்ப கனம். அது ஆழம் கம்மியான, பாசி நெறஞ்ச ஏரி. பத்து அடி தண்ணிக்கு ஒரு அவுன்ஸ்ல எட்டுல ஒரு பங்கு, அதாவது மூணரை கிராம், காத்து இருந்தா ஏழு கிராம், அதுக்கு மேல வேணாம். 20 கிராம் கல்லு மாதிரி விழுந்து பாசிக்குள்ள பொதஞ்சிரும், மீன் கண்ணுல படவே படாது. லேசான ஜிக்கு மெதுவா எறங்கும், வால்ஐ பெரும்பாலும் அது எறங்கும்போதுதான் வாங்கும். எறிஞ்சதும் அடியத் தொடுற வரைக்கும் நரம்பப் பாத்துக்கிட்டே இருங்க, தொட்டதும் ஒரு சாண் தூக்கி மறுபடி எறக்குங்க, நரம்பு தொய்யாம கூடவே தடிய எறக்கணும். கெளுத்தி மாதிரி இழுத்துட்டு ஓடாது. "டொக்"குன்னு ஒரு தட்டு, இல்லாட்டி ஈரத் துணி மாட்டுன மாதிரி பாரம் தெரியும், அவ்ளோதான். அந்த பாரம் தெரிஞ்சாலே இழுத்துருங்க. ஆறு இல்லாட்டி எட்டு பவுண்டு நரம்பு போதும்.

கிளிப்பச்சைக் குஞ்சம் அருமையான தேர்வு. வால்ஐ கண்ணுக்கு நல்லாத் தெரியுறது பச்சையும் ஆரஞ்சு சிவப்பும்தான், கலங்கல் தண்ணில கிளிப்பச்சையும் ஆரஞ்சும் கலந்து கட்டுனா இன்னும் நல்லது. அப்பாகிட்ட கட்டாயம் சொல்லுங்க.

ஆனா ஒண்ணு மனசுல பட்டத சொல்லியாகணும். கராஜ்ல ஈயம் உருக்குறத நிறுத்துங்க. வீட்ல கொழந்தைங்க இருக்கா? உருக்கும்போது வர்ற புகையும், மேல மெதக்குற சாம்பலும், அச்சுல இருந்து உதிருற தூளும் துணில ஒட்டி வீட்டுக்குள்ள வரும், கொழந்தைங்க மூளைக்கு அது விஷம். செங்கல் அச்சுல துளி ஈரம் இருந்தா போதும், உருகுன ஈயம் பட்டதும் தண்ணி ஆவியாகி வெடிச்சு மூஞ்சில தெறிக்கும். எனக்கு மொத வருஷம் அப்படித்தான் தெறிச்சுச்சு, கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுச்சு. லூன் பறவை கூழாங்கல்லுன்னு நெனச்சு இந்த ஈயக்குண்ட முழுங்கிச் சாகுது, உங்க ஒரு டாலர் காசுல இருக்குற அதே பறவை. கனடா நேஷனல் பார்க்ல 50 கிராமுக்குக் கம்மியான ஈயக்குண்டு, ஈய ஜிக்கு ரெண்டுமே தடை.

நான் இப்ப பிஸ்மத் தகரக் கலவைக்கு மாறிட்டேன். ஈயம் உருக 327 டிகிரி வேணும், 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு தகரமும் கலந்தா 138 டிகிரிலயே உருகிரும். ஒரே அச்சுல ஊத்துனா ஈயத்துல வர்ற எடைல முக்கால் பங்குதான் வரும், அத மனசுல வச்சு அச்சு எடுங்க. கொஞ்சம் நொறுங்குற சாமான், பாறைல ஓங்கி மோதுனா ஒடையும், ரைஸ் லேக்ல அந்தப் பிரச்சனை இருக்காது. செங்கல்லுக்குப் பதிலா அலுமினிய அச்சு ஒண்ணு வாங்கிக் குடுங்க, ஊத்துறதுக்கு முன்னாடி அச்ச சூடு பண்ணுங்க, இல்லாட்டி பாதிலயே ஒறைஞ்சிரும். பவுடர் பெயின்ட் அடிக்கணும்னா தலைய மெழுகுவத்தில கொஞ்சம் சூடு காட்டி பவுடர்ல ஒரு முக்கு முக்கி எடுத்தாப் போதும், ஒட்டிக்கும். ஈய ஜிக்குன்னா அத 175 டிகிரில கால் மணி நேரம் சுடுவோம், பிஸ்மத்த அப்படி வச்சா தலையே உருகி ஓடிரும், அதுக்கு சாதா நெயில் பாலிஷ் போதும்.

ஒட்டாவா_ஸ்பூன்:

நான் இரை மீனே போடுறதில்ல, கையால செஞ்சதுதான் எப்பவும். சாப்பிடுற எவர்சில்வர் ஸ்பூன்ல கைப்பிடிய அறுத்துட்டு ரெண்டு பக்கமும் ஓட்ட போட்டு ஒரு பக்கம் வளையம், ஒரு பக்கம் கொக்கி, அவ்ளோதான் ஸ்பூன் லூர், அதாவது செயற்கை இரை. அமெரிக்கால வெர்மான்ட்ல ஜூலியோ புவல்னு ஒருத்தர் ஏரில ஸ்பூன தவறவிட, அத மீன் வந்து கவ்வுனதப் பாத்துதான் இத செஞ்சாருன்னு சொல்லுவாங்க, 1852ல பேட்டன்ட் வாங்கிருக்காரு. ஃபின்லாந்துல லௌரி ரபாலா 1936ல கார்க்க செதுக்கி, மேல மினுக்குத் தாள சுத்தி, போட்டோ ஃபிலிம உருக்கிப் பூசித்தான் மொத லூர் செஞ்சாரு. அடிபட்ட பொடி மீனு எப்படித் தள்ளாடும்னு உக்காந்து பாத்து அதே ஆட்டம் வர்ற மாதிரி செதுக்குனாரு. உங்க அப்பா மாதிரி கைவேலை தெரிஞ்சவருக்கு ஈயத்த விட மரம்தான் சரியான வேலை. பால்சா கட்டை ஒரு விரல் நீளத்துக்கு வாங்கிக் குடுங்க, கராஜ்ல உக்காந்து செதுக்கட்டும், பேரப்பசங்க பக்கத்துல இருந்தாலும் பயம் இல்ல. ராத்திரி கரை ஓரமா மூணு நாலு அடி தண்ணில அந்த மாதிரி மிதக்குற லூர ரொம்ப மெதுவா இழுத்தா வால்ஐ வந்து அடிக்கும், ஒட்டாவா ஆத்துல எனக்கு செப்டம்பர்ல எப்பவும் இதுதான்.

ஜூலை, ஆகஸ்ட்ல தண்ணி சூடாயிருச்சுன்னா மண்புழு ஹார்னஸ் செஞ்சு பாருங்க. ஒரு மூணு அடி நரம்புல ரெண்டு சின்ன கொக்கிய ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு கட்டி, முன்னாடி அஞ்சாறு பாசிமணி, அதுக்கு மேல சொழலுற சின்ன பித்தளைத் தகடு. புழுவ சுருண்டுக்காம நீட்டமாக் கோக்கணும். போட்ல மெதுவாப் போய்க்கிட்டே இழுத்தாத்தான் தகடு சொழலும், கரைல இருந்துன்னா அவ்வளவு சரிப்படாது.

குருநகர்_அண்ணை:

ஒட்டாவாத் தம்பி, மரத்தில செய்யுற யோசனை நல்லது, நானும் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் மே, ஜூனில தண்ணி குளிரா இருக்கேக்க உயிர் இரைக்கு ஈடா ஒண்டும் இல்லை எண்டுறது என்ர அனுபவம். ஜிக்கை அசைக்காமல் விட்டாலும் மீன் தானா நெளியும், சோம்பலாக் கிடக்கிற பிக்கரல் அதுக்குத்தான் வாய் திறக்கும்.

மேட்டூர் தம்பிக்கு இன்னொண்டு, மறந்துபோனன். உங்களுக்குக் கிட்ட இருக்கிற ஸ்கூகொக் ஏரிக்கு பிக்கரல் பிடிக்கப் போகாதேங்கோ. மீன் குறைஞ்சு போனதால 2016 இல அங்க பிக்கரலை மூடிப்போட்டினம். ரைஸ் லேக் மீன்பிடி மண்டலக் கணக்கில 17ஆம் மண்டலம் (இது இரை மண்டலம் இல்லை, வேற), அங்க 35 இல இருந்து 50 சென்ரிமீட்டருக்குள்ள இருக்கிறதைத்தான் எடுக்கலாம். அதுக்கு மேல உள்ளது முட்டை போடுற பெரிய தாய் மீன், அதை விடத்தான் வேணும். பிடிச்சதை அங்கயே வெட்டித் துண்டு போடாதேங்கோ, வீட்டுக்கு வரும் வரைக்கும் அளக்கக் கூடியமாதிரி முழுசா இருக்கவேணும். அளவுகோல் ஒண்டு கையோட கொண்டுபோங்கோ. ஒவ்வொரு வருஷமும் மாகாணம் போடுற விதிப் புத்தகத்தை ஒருக்காப் பாத்துப்போட்டுப் போறது நல்லது, இதுகள் மாறும்.

செவுள் மூடியின்ர ஓரம் பிளேட் மாதிரி வெட்டும், முதுகுச் செட்டை முள்ளு, வாயில கூரான பல்லு. கெளுத்தி பிடிச்ச கை எண்டாலும் இது வேற மாதிரி, அப்பாவைக் கவனமாப் பிடிக்கச் சொல்லுங்கோ. வாலின்ர கீழ் நுனி வெள்ளையா இருந்தால் அது பிக்கரல்தான், சந்தேகமே வேண்டாம்.

வின்னிபெக்_தங்கம்:

கெளுத்தி பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். நான் நாகர்கோவில்காரி, வின்னிபெக்ல ஒம்பது வருஷமா இருக்கேன், எங்க ரெட் ரிவர்ல லாக்போர்ட் பக்கம் கிடைக்குற சானல் கெளுத்தி மாதிரி உலகத்துல வேற எங்கயும் கிடைக்கிறது கஷ்டம். 1910ல கட்டுன செயின்ட் ஆண்ட்ரூஸ் அணைக்குக் கீழ நின்னு போட்டா பத்து கிலோவுக்கு மேல உள்ளது சாதாரணமா வரும். செல்கர்க் ஊர்ல கெளுத்திக்கு செலையே வச்சிருக்காங்க. இந்த மீனுங்க இருபது வயசுக்கு மேல வாழும், அவ்வளவு மெதுவா வளரும், அதனால 60 சென்டிமீட்டருக்கு மேல உள்ளத கட்டாயம் திருப்பி விடணும். மானிடோபாவுல எல்லா கொக்கியும் முள் இல்லாததாத்தான் இருக்கணும்.

இங்க எங்க இரை கோல்டுஐ மீனு, புதுசா வெட்டி ரத்தத்தோட போடணும். கெளுத்திக்கு ஒடம்பு பூரா நாக்கு மாதிரி, மீசைல மட்டும் இல்ல, தோல் முழுக்க ருசி தெரியும். தண்ணி ஓடுற பக்கம் வாசம் போகணும், அதான் விஷயம். அதனால குண்டு சறுக்குற மாதிரி கட்டி, அதுக்குக் கீழ ஒரு சாண் நரம்பு, வட்டக் கொக்கி, பெரிய குழிக்கு மேல் பக்கம் இரைய வச்சுட்டு இருபது நிமிஷம் காத்திருங்க. வரலைன்னா இடத்த மாத்துங்க. வட்டக் கொக்கிய வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, தடி தானா வளையட்டும், அப்புறம் சுத்துனாப் போதும், வாய் ஓரத்துல மாட்டிக்கும். தொண்டைல போகாது, அதனால திருப்பி விட்டாலும் பொழைக்கும்.

நீங்க இங்க வரைக்கும் வர வேணாம். உங்களுக்குக் கிட்டன்னா கிராண்ட் ரிவர்ல டன்வில் ஊரு, இல்லாட்டி பே ஆஃப் குயின்டி. டன்வில்ல கெளுத்திய மட்கேட்டுன்னு சொல்லி, அந்தப் பேருலயே திருவிழா எல்லாம் நடத்துறாங்க. ஒன்டாரியோவுல கோழி ஈரல் நல்லா வேலை செய்யும்னு அங்க உள்ள என் தம்பி சொல்வான். ஈரல் கொக்கில நிக்காது, வழுக்கி விழும், அத ஒரு சின்ன காஸ் துணில முடிஞ்சு நூல் சுத்திப் போடணும். எங்க அப்பா ஊர்ல ராகி மாவுல பெருங்காயம் போட்டு உருண்ட பிடிச்சுப் போடுவாங்க, நான் அத இங்க புல்ஹெட்டுக்குப் போட்டுப் பாத்திருக்கேன், நல்லாவே எடுக்குது. உங்க அப்பாவுக்கும் அந்தக் கை தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்க. வால் பொளந்து இருந்தா சானல் கெளுத்தி, நேரா வெட்டுன மாதிரி இருந்தா புல்ஹெட்.

மேட்டூர்_பையன்:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். மொதல்ல அப்பாவுக்கு லைசென்ஸ் எடுத்தாச்சு. பொடி மீன் விஷயத்த அப்பாகிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் அவரே, மேட்டூர்ல அவங்க சின்ன வயசுல இல்லாத ஜிலேபிக் கெண்டை பின்னாடி வந்து நெறஞ்சதையும், பழைய மீனுங்க சிலது கண்ணுல படாமலே போனதையும் சொன்னாரு, "நான் பாத்தவன்தான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்"னாரு. பொறிய மடக்கி வச்சுட்டோம். எனக்கு நாலு வயசுல பொண்ணு இருக்கா, அதனால ஈயம் அன்னிக்கே நின்னுடுச்சு. இப்ப பிஸ்மத், அலுமினிய அச்சு, ஏழு கிராம். குஞ்சம் அதே குஞ்சம்தான், ஆரஞ்சு நூல் கொஞ்சம் சேத்துக் கட்டிருக்காரு.

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழரைக்குப் போனோம். தெக்குல இருந்து காத்து, தண்ணி லேசா கலங்கி இருந்துச்சு. இருட்டுற வரைக்கும் ஒண்ணும் இல்ல. ஒம்பதே காலுக்கு அப்பா "பாசின்னு நெனைக்கிறேன்"ன்னு சொல்லிக்கிட்டே தடிய தூக்குனாரு, பாசி இல்ல. கரைக்கு வந்தப்போ டார்ச் அடிச்சேன், அண்ணை சொன்ன மாதிரியே கண்ணு ரெண்டும் நெருப்பு மாதிரி. அளந்தோம், 56 செ.மீ. எடுக்க முடியாது. அப்பா அத வயித்துக்குக் கீழ கைய குடுத்து தண்ணில ஆட்டாமப் பிடிச்சுக்கிட்டு, அது தானா போற வரைக்கும் முட்டி போட்டு உக்காந்திருந்தாரு. அதுக்கப்புறம் 41, 44னு ரெண்டு கிடைச்சுது, வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அம்மா ஒண்ண குழம்பு வச்சாங்க, ஒண்ண வறுத்தாங்க. இத அடிக்கடி சாப்பிடலாமா, பொண்ணுக்குக் குடுக்கலாமான்னு மனைவி கேக்குறா. அடுத்து டன்வில் போறோம், அதையும் சேத்து சொல்லுங்க.

வின்னிபெக்_தங்கம்:

படிச்சு கண்ணு கலங்கிடுச்சு, அப்பாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க.

சாப்பிடுற விஷயத்துக்கு ஒன்டாரியோ சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏரி வாரியா, மீன் நீளம் வாரியா ஒரு வழிகாட்டி வச்சிருக்கு, வலைல தேடுனா ரைஸ் லேக்குக்கும் டன்வில்லுக்கும் தனித்தனியா வரும், மாசத்துக்கு எத்தன வேளைன்னு போட்டிருப்பாங்க. கொழந்தைங்களுக்கும் புள்ள பெத்துக்குற வயசுல உள்ள பொண்ணுங்களுக்கும் தனிக் கணக்கு இருக்கும், உங்க பொண்ணுக்கு அதப் பாத்துட்டுக் குடுங்க. வால்ஐ மத்த மீனத் திங்கிற மீனு, அதனால பெருசாக பெருசாக பாதரசம் கூடும். அது சதைலயே இருக்குறதால கழுவுனாலும் போகாது, வறுத்தாலும் போகாது, அதனால சாப்பாட்டுக்கு சின்னதா எடுங்க. கெளுத்தி வேற மாதிரி, அது கொழுப்பு மீனு, பிசிபி மாதிரி ரசாயனம் கொழுப்புல சேரும். தோல உரிச்சு, வயித்துக் கொழுப்பையும் முதுகு ஓரத்துக் கொழுப்பையும் வெட்டி எறிஞ்சுட்டு, கொழுப்பு வடியுற மாதிரி சுட்டு எடுங்க. குழம்புல போட்டா அந்தக் கொழுப்பு குழம்புலயே தங்கிடும்.

அப்புறம் வால்ஐ தலைய அம்மா தூக்கிப் போடாம இருக்கணும், கன்னத்துல ரெண்டு பக்கமும் காசு அளவுக்கு சதை இருக்கும், கத்தி நுனியால வட்டமா வெட்டி எடுத்து மஞ்சள், மிளகாத்தூள் போட்டு வறுங்க. அத அப்பாவுக்குக் குடுங்க.